அக்கா பழுக்க வைத்த சீஸ்

அக்கா ஊருக்குத் திரும்பி வந்த முதல் வாரம் வீட்டில் எங்கேயோ ஓர் எலி செத்துக் கிடந்தது. அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். கீழே தம்பியின் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை, மேலே வீடு. மேலே கிளம்பிய நாற்றம் மாடிப்படி வழியாக இறங்கிக் கடைக்குள் புகுந்து, வந்த ஆட்களை வாசலோடு திருப்பி அனுப்பியது. தம்பியும் அவன் பெண்டாட்டியும் பீரோவை நகர்த்தினார்கள், கட்டிலை நிமிர்த்தினார்கள், பரணில் இருந்த பழைய பெட்டிகளையெல்லாம் இறக்கிப் பார்த்தார்கள். எலியின் வால்கூடக் கிடைக்கவில்லை. கடைசியில் வீட்டு ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தைத் தம்பி கண்டுபிடித்தான்.

இடுக்கியால் அதைத் தூக்கி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, தெருமுனைக் குப்பைத் தொட்டி வரைக்கும் நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தான். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே அக்காவுக்கு ஆறுதல் வேறு சொன்னான்.

“ஆசை ஆசையா வாங்கிட்டு வந்திருக்கே. வழியிலேயே கெட்டுப்போச்சு போல. விடுக்கா, போனாப் போகுது.”

அக்கா தலையை ஆட்டினாள். பொட்டலத்தில் இருந்தது சீஸ். அது கெட்டுப்போகவில்லை. அன்றைக்குத்தான் சரியான பதத்துக்குப் பழுத்திருந்தது. அன்று மத்தியானம் எல்லோரும் வேலைக்குப் போனதும் தனியாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று காலையிலிருந்து மனசுக்குள் நாள் நட்சத்திரம் பார்த்து வைத்திருந்தாள். இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அக்காவைப் பற்றி நாலு வார்த்தை. தெருவில் அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அது அவள் நடையைப் பார்த்து வந்த மரியாதை. கல்யாணப் பேச்சை எடுத்தவர்களையெல்லாம் வந்த வழியே அனுப்பிவிட்டு, குளிர்சாதன வேலையைப் படித்துக்கொண்டு, இளவயதிலேயே கடல் கடந்து போனவள். அங்கே பெரிய பெரிய குளிர் அறைகளைப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. ஆயுளில் பாதி அங்கேயே போனது. முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் தம்பி போனில் பிடித்துக்கொண்டான். “வந்துடுக்கா, நம்ம கடையைச் சேர்ந்து பார்த்துக்கலாம்.” வந்துவிட்டாள்.

அங்கே அவள் பொறுப்பில் இருந்த அறைகளில் ஒன்றில் சீஸ் பழுக்க வைப்பார்கள். தட்டை தட்டையாக, வட்ட வட்டமாக, மரப் பலகைகளில் அடுக்கி, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் துடைத்து எடுப்பார்கள். துடைக்கத் துடைக்க மேல்தோல் ஆரஞ்சு நிறமாகிப் பிசுபிசுக்கும். வாசனையோ, மழையில் நனைந்த காலுறையைப் பைக்குள் போட்டு மறந்துவிட்ட மாதிரி இருக்கும். முதல் வருஷம் அக்கா மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் அந்த அறைக்குள் நுழைவாள். அடுத்த வருஷம் துணியைக் காணோம். அதற்கடுத்த வருஷம் சாப்பாட்டுப் பையில் வெறும் ரொட்டியை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள், தொட்டுக்கொள்ள அங்கே இருக்கிறது என்று.

ஆனால் வீட்டுக்குப் போன் பண்ணும்போது இதையெல்லாம் சொன்னாளா என்றால், இல்லை. “இங்க சாப்பிட்டுச் சாப்பிட்டு நாக்கே செத்துப்போச்சுடா” என்றுதான் வாரா வாரம் புலம்புவாள். அதுவும் பொய் இல்லை. காரசாரமான மீன் வறுவலுக்கும், வீட்டில் போட்ட ஊறுகாய்க்கும், அம்மா கைப்பக்குவத்தில் கடைந்த கீரைக்கும் அவள் அங்கே ஏங்கிய ஏக்கம் நிஜம். தம்பி பெண்டாட்டி போஸ்ட் ஆபீஸில் வேலை பார்ப்பவள், எதையும் மறக்காதவள். நாத்தனார் போனில் சொன்ன ஒவ்வொன்றையும் நினைவில் வைத்திருந்து, வந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாகச் சமைத்துப் போட்டாள். ஆபீஸ் விட்டு வந்த களைப்போடு மீனைக் கழுவுவாள். அக்கா ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்ததும், நன்றாயிருக்கிறதா என்று கேட்காமல் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நன்றாகத்தான் இருந்தது. முதல் மாதம் அக்கா வெளுத்துக் கட்டினாள். இரண்டாவது மாதம் ஒரு நாள், வாய் நிறைய மீனை வைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சீஸின் நினைப்பு வந்து தொலைத்தது. அன்றையிலிருந்து சனியன் விடவில்லை. ஊர்க் கடைகளில் ஏறி இறங்கிப் பார்த்தாள். அந்தக் கடைகளிலும் சீஸ் என்று ஒன்று இருந்தது. சதுரமாக, பிளாஸ்டிக் காகிதத்தில், எந்த வாசனையும் இல்லாமல், அழிரப்பரைப் போல. அதைச் சீஸ் என்று விற்பவன்மேல் வழக்குப் போடலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது.

சாப்பாடு இறங்குவது குறைந்தது. தட்டில் மிச்சம் வைக்க ஆரம்பித்தாள். தம்பி பெண்டாட்டி ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் உப்பைக் குறைத்துப் பார்த்தாள், காரத்தைக் குறைத்துப் பார்த்தாள், எண்ணெயை மாற்றிப் பார்த்தாள். ஒரு நாள் சமையலறையில் தம்பியிடம் தாழ்ந்த குரலில் சொன்னது அக்கா காதில் விழுந்துவிட்டது. “அண்ணிக்கு என் சமையல் பிடிக்கலைங்க. வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்குறாங்க.” உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தவள், என்னவென்று சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். நீ இவ்வளவு பாடுபட்டுச் சமைக்கிறாய், எனக்கோ உங்கள் வீட்டில் எலி செத்ததாக நினைத்தீர்களே, அது வேண்டும் என்றா சொல்ல முடியும்?

வாய் சொல்லாததைக் கை செய்தது. முதல் பொட்டலம் குப்பைக்குப் போனாலும், அதிலிருந்து முன்பே கிள்ளி வைத்த ஒரு துண்டுத் தோல் அக்காவின் கருவிப் பெட்டியில், இறுக்கி மூடிய சின்ன டப்பாவுக்குள் பிழைத்திருந்தது. அந்தத் தோலை உப்புத் தண்ணீரில் கரைத்துப் புதுச் சீஸின்மேல் துடைத்தால், பழையதின் குணம் புதியதுக்கு ஏறிவிடும். அது அந்தக் குளிர் அறையில் அவள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும் நேரத்தில், பால் வாங்கிக் காய்ச்சி, உறை போட்டு, பாலைத் திரட்டிக் கட்டியாக்கும் மாத்திரையைக் கரைத்து ஊற்றி, உறைந்ததை வெட்டி, துணியில் வடித்து, கம்ப்ரஸர் ஒன்றைப் பாரமாக மேலே தூக்கி வைத்து அழுத்தினாள். முதலில் செய்தது கறுப்புப் பூஞ்சை பிடித்துத் தொலைந்தது. அடுத்தது காய்ந்து கல்லாகிவிட்டது, அதை வைத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம். மூன்றாவதற்கு டப்பாவில் இருந்த தோல் முழுவதும் தீர்ந்துவிட்டது. இதுவும் போனால் அவ்வளவுதான், இனி அந்த ருசிக்கு ஜென்மத்துக்கும் வழியில்லை.

இந்த முறை அக்கா விளையாடவில்லை. பழுக்கிறதற்கு ஜில்லென்றும் இருக்கக் கூடாது, வெதுவெதுப்பாகவும் இருக்கக் கூடாது. ஈரமும் வேண்டும். வாசனை வெளியே கசியவே கூடாது. கடையில் வரிசையாக நிற்கும் பெட்டிகளையெல்லாம் தட்டிப் பார்த்து, கதவு ரப்பரைத் தடவிப் பார்த்து, கடைசியில் ஒரு பழைய பெரிய ஃப்ரிட்ஜைத் தேர்ந்தெடுத்தாள். அதன் ரப்பர் உடும்புப் பிடி பிடித்தது. ரிப்பேரை ஒரே நாளில் முடித்து, குளிரைத் தனக்கு வேண்டிய அளவுக்குத் திருகி வைத்து, உள்ளே ஒரு கிண்ணம் தண்ணீரும் பலகையும் வைத்து, பலகையில் சீஸை வைத்தாள்.

சிக்கல் என்னவென்றால் அந்த ஃப்ரிட்ஜ் மைக்செட்டுடையது. மார்க்கெட் முனையில் பழக்கடையும் ஜூஸ் கடையும் சேர்த்து நடத்துபவர். பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலே பஸ் ஸ்டாப்பில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார், அதனால் அந்தப் பெயர். அவர் வாரத்துக்கு ஒரு தடவை கடை வாசலில் வந்து நின்று கேட்பார், தெருவே கேட்கும்.

“என்னக்கா, நம்ம பெட்டி இந்த வருஷம் வருமா, அடுத்த வருஷமா?”

“கேஸ் எங்கேயோ கசியுது. இன்னும் பிடிபடலை” என்பாள் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அவள் கைக்குப் பிடிபடாத கசிவா என்று தம்பிக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அக்கா சொன்னால் அவனுக்கு அப்பீல் கிடையாது.

நாள் போகப் போகத் தோல் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்குத் திரும்பியது. யாரும் இல்லாத நேரத்தில் கதவைத் திறந்து துடைப்பாள், மோந்து பார்ப்பாள், மூடுவாள். விரலால் நடுவில் அழுத்தினால் மெல்ல அமுங்கி எழுந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் போதும். அக்கா தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு நடமாடினாள். தம்பி அதைப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு இப்போதுதான் ஊர் பிடிபட்டிருக்கிறது என்று பெண்டாட்டியிடம் சந்தோஷப்பட்டான்.

அந்த நேரம் பார்த்துத்தான் பாங்கில் ஏதோ கையெழுத்து வேண்டும், நேரில் வா என்றார்கள். ஊரின் மறுகோடி. போனால் பாதி நாள் போய்விடும். அதுவரை ஒரு நாளும் அக்கா அந்தப் பெட்டியை விட்டு நகர்ந்ததில்லை. கிளம்பும்போது மனசு கேட்காமல், மேசை மேலிருந்த சிவப்பு டேப்பை எடுத்து ஃப்ரிட்ஜ் கதவின் குறுக்கே இழுத்து ஒட்டிவிட்டுப் போனாள். அவள் வேலை பார்த்த குளிர் அறைகளில் கதவில் சிவப்பு டேப் இருந்தால், உள்ளே வேலை நடக்கிறது, யாரும் கையை வைக்காதே என்று அர்த்தம். முதலாளியே ஆனாலும் அந்தக் கதவைத் தொட மாட்டார். பாதி ஆயுள் அப்படி ஒட்டிப் பழகிய கை, யோசிக்காமல் ஒட்டிவிட்டது.

தம்பி கடையில் டேப்புக்கு வேறு அர்த்தம். வேலை முடிந்த பெட்டியை வேனில் ஏற்றுவதற்கு முன், வழியில் கதவு திறந்துகொள்ளாமல் இருக்கக் குறுக்கே டேப் ஒட்டுவான். டேப் ஒட்டிவிட்டால் பெட்டி ரெடி, ஏற்ற வேண்டியதுதான்.

பாங்கில் அக்காவுக்கு முன்னால் இரண்டே பேர் நிற்கும்போது போன் அடித்தது. தம்பி குரலில் உற்சாகம் வழிந்தது.

“அக்கா, ஒரு வழியா மைக்செட் பெட்டியை முடிச்சுட்டே போல. டேப் ஒட்டியிருந்துது, பார்த்தேன். உடனே வேன்ல ஏத்தி அனுப்பிட்டேன். மனுஷன் வாய் இனிமேலாவது அடங்கும்.”

அக்கா போனைக் காதோடு அழுத்தினாள்.

“திறந்து பார்த்தியாடா?”

“நீ ஒட்டின டேப்பைப் பிரிச்சுப் பார்க்கிற அளவுக்கு நான் பெரிய ஆளா?”

கையெழுத்தாவது ஒன்றாவது. வரிசையை விட்டு விலகி, முழங்காலையும் மறந்து அக்கா ஓடினாள். பஸ் ஏறினாள். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆட்களை ஏற்றி இறக்கியபோது, ஓட்டுநரைப் பிடித்துத் தள்ளிவிட்டுத் தானே ஓட்டலாமா என்று இருந்தது. மைக்செட் டேப்பை அறுத்திருக்கக் கூடாது, இன்னும் அறுத்திருக்கக் கூடாது என்று சீட்டைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டே வந்தாள்.

அறுத்திருந்தார். மார்க்கெட் முனையில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. ஜூஸ் கடைக்கு எதிரே ஒரு கூட்டம், எல்லோரும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள், ஆனால் ஒருத்தரும் வேடிக்கையை விட்டு நகரவில்லை. பாதி குடித்த கிளாஸ்கள் மேசையில் அநாதையாக நின்றன. வாய் திறந்த ஃப்ரிட்ஜ் நடுக்கடையில் நின்றது. தம்பி அதற்குள் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்திருந்தான், முகம் செத்துப்போயிருந்தது. மைக்செட்டின் குரல் மார்க்கெட்டையே தூக்கிக்கொண்டிருந்தது.

“பெட்டியை ரிப்பேருக்குக் குடுத்தா பொணத்தை வச்சு அனுப்புறீங்களா? மத்தியான வியாபாரம் பூரா போச்சு. இனிமே எவன் இங்க வந்து ஜூஸ் குடிப்பான்?”

“எலிங்க” என்று தம்பி கெஞ்சினான். “கடையில எலித்தொல்லை. எப்படியோ உள்ள புகுந்து செத்துருக்கு. பெட்டியை நானே கழுவித் தர்றேன். பணமே வேண்டாம்.”

கூட்டம் உடனே ஒத்துக்கொண்டது. எலிதான். பெருச்சாளியாகக்கூட இருக்கும் என்றார் ஒருவர். மைக்செட் குப்பை அள்ளும் நீளக் கைப்பிடி முறத்தில் அந்த வட்டச் சீஸை ஏந்தி, முடிந்த மட்டும் தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, பழத்தோல் போடும் டிரம்மை நோக்கி நடந்தார்.

அக்கா ஒரு கணம் நின்றாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். எலி என்று முடிந்துவிடும். தம்பியின் மானம் ஓரளவுக்குத் தப்பும், அவள் மானம் முழுசாகத் தப்பும். கழுவிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் மீனைச் சாப்பிடலாம், நாளைக்கும் சாப்பிடலாம், சாகும்வரைக்கும் பாதி வயிற்றோடு, நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சாப்பிடலாம். முறம் டிரம்முக்கு மேலே சாய்ந்தது.

“போடாதீங்க” என்றாள் அக்கா. “அது எலி இல்லை. என்னுது.”

மைக்செட் திரும்பினார். கூட்டமும் திரும்பியது. தம்பி, வேண்டாம் என்று கண்ணாலேயே கும்பிட்டான்.

“என்னுதுன்னா?”

“நான் செஞ்சது. சாப்பிடுறதுக்கு. சீஸ் அது.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்கா நேராகப் போய் முறத்திலிருந்து சீஸை இரண்டு கையாலும் எடுத்தாள், குழந்தையை வாங்குவது மாதிரி. குழாயடியில் கையைக் கழுவினாள், பழம் நறுக்கும் கத்தியைக் கழுவினாள், பலகையைக் கழுவினாள். முறம் பட்ட அடிப்பக்கத்துத் தோலை மெல்லிசாகச் சீவித் தள்ளினாள். அவசரப்படவில்லை. உண்மையில் அந்த நிதானம் வெறும் வேஷம். ஏனென்றால் உள்ளே எப்படி இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. இதுவரை வெட்டிப் பார்த்ததில்லை. முந்தைய இரண்டைப் போல இதுவும் பாழாகியிருந்தால், இத்தனை பேர் நடுவில், அழுகியதைச் சாப்பிட்டவள் என்ற பெயரோடு இந்தத் தெருவில் காலம் தள்ள வேண்டும்.

கத்தியை நடுவில் வைத்து அழுத்தினாள். இறங்கியது. இரண்டு பாதியும் மெல்லப் பிரிந்தன. உள்ளே இளமஞ்சள் நிறம், பொட்டுக் கறுப்பு இல்லை, நடுவில் மட்டும் லேசாக இளகி, வழியலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்றது. அக்கா ஒரு துண்டு அறுத்து வாயில் போட்டாள்.

முதலில் உப்பு. பிறகு வெண்ணெய் கரைகிற மாதிரி ஒரு வழவழப்பு. அப்புறம் கொஞ்சம் தாமதமாக, மூக்குக்குள்ளிருந்து இறங்கி வருகிற அந்தக் கனத்த ருசி. வந்துவிட்டது. அதேதான். இல்லை, அதேதானா? அங்கே சாப்பிட்டதைவிட இதில் பாலின் வாசம் தூக்கலாக இருந்தது, இந்த ஊர்ப் பால். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நாக்கு உயிரோடு இருந்தது. எத்தனையோ மாதமாக அவள் உடம்பில் பூட்டிக் கிடந்த ஓர் அறையைத் திறந்து விளக்கைப் போட்டது போல இருந்தது. நடுமார்க்கெட்டில், மூக்கைப் பொத்திய கூட்டத்தின் நடுவில், அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எப்போது இருந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

இன்னொரு துண்டு அறுத்துச் சாப்பிட்டாள். சிரிப்புச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

“சாப்பிட்டுட்டீங்க” என்றார் மைக்செட். அவரால் மெதுவாகவும் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

“சாப்பிடத்தானே செஞ்சேன். உங்க பெட்டியில வச்சது என் தப்பு. கேஸ் கசியுதுன்னு சொன்னதும் பொய். பெட்டி என்னைக்கோ ரெடி. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க. தம்பிக்கு ஒண்ணும் தெரியாது.”

மைக்செட் திட்ட வாயைத் திறந்தார். பார்வை பலகைக்குப் போனது. அவருக்கு ஒரு பலவீனம். தன் நாக்கு பார்க்காத ருசி இந்த உலகத்தில் கிடையாது என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் பீற்றிக்கொள்பவர். இப்போது கண்ணெதிரே ஒன்று இருக்கிறது, கூட்டமும் அவரையே பார்க்கிறது. விட்டுக் கொடுக்க முடியுமா?

“ஒரு துண்டு கொடுங்க, பார்ப்போம்.”

மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டார். மென்றார். மூக்கை விட்டார். மறுபடி மென்றார். ஜனங்கள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்ப்பு வர நேரமானது.

“உப்பு ஒரு கல் கூட” என்றார்.

கெட்டுப்போச்சு இல்லை, பொணம் இல்லை, உப்பு கூட. சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிற குறை. அக்காவுக்கு அது பட்டம் வாங்கியதைவிடப் பெரிதாகப் பட்டது. மைக்செட் அதோடு நிற்கவில்லை. யோசனையோடு திரும்பி, தட்டிலிருந்து ஒரு பேரிக்காயை எடுத்து, மெல்லிசாக நறுக்கி, அதன்மேல் சீஸை வைத்துக் கடித்தார். தலை தானாக ஆடியது. இன்னொன்று நறுக்கி அக்காவிடம் நீட்டினார். “இப்படிச் சாப்பிட்டுப் பாருங்க. உப்புக்கு இந்தத் தித்திப்பு சரிக்கட்டிடும்.” அங்கே அந்தக் குளிர் அறைக்காரர்களும் பேரிக்காயோடுதான் சாப்பிடுவார்கள். அக்கா அதைச் சொல்லவில்லை. அவர் கண்டுபிடித்ததாகவே இருக்கட்டும் என்று வாங்கிச் சாப்பிட்டாள்.

அதற்கப்புறம் துணிச்சல்காரர்கள் நாலைந்து பேர் முன்னால் வந்தார்கள். ஒருவர் துப்பிவிட்டு ஓடினார். ஒரு பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாவது துண்டு கேட்டாள். பெருச்சாளி என்று சொன்னவர், நான் அப்பவே நினைத்தேன் என்றார். பேரிக்காய் மட்டும் நன்றாக விற்றது. ஃப்ரிட்ஜைச் சோடா உப்புப் போட்டு அக்காவே தேய்த்துக் கழுவினாள், வாசனை போகும்வரை தினமும் வந்து கழுவித் தருவதாகவும் சொன்னாள். மைக்செட் பெருந்தன்மையாகக் கையை அசைத்தார். குரல் பழைய உயரத்துக்குத் திரும்பியிருந்தது.

தம்பி வண்டியைக் கிளப்பினான். ஸ்கூட்டரின் பின்னால் அக்கா, அவள் மடியில் மிச்சமிருந்த முக்கால்வாசிச் சீஸ். சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரர் அவர்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி நிறுத்தினார். அக்கா தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் தம்பி பெண்டாட்டி அப்போதுதான் ஆபீஸ் விட்டு வந்து மீனை வறுத்துக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கு முன்பே எட்டியிருந்தது, மார்க்கெட்டிலிருந்து போஸ்ட் ஆபீஸ் எத்தனை தூரம்? சாப்பிட உட்கார்ந்ததும் தம்பி வெடித்தான்.

“அங்க இருந்தப்ப நம்ம சாப்பாடு நம்ம சாப்பாடுன்னு அழுதே. இங்க வந்தா அந்தச் சாப்பாட்டுக்குத் திருட்டுத்தனமா ஏங்குறே. இவ ஆபீஸ் முடிச்சு வந்து அடுப்புல வேகுறா, தன் கைதான் சரியில்லைன்னு மருகிட்டு இருக்கா. நான் முட்டாள் மாதிரி எலின்னு சொல்லிட்டு நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? உனக்கு எதுதான்க்கா வேணும்?”

அக்கா தம்பி பெண்டாட்டியின் பக்கம் திரும்பினாள். “உன் கையில ஒரு குறையும் இல்லம்மா. நான் வாயடைச்சுக் கிடந்ததுதான் குறை. என்னை மன்னிச்சுடு.” பிறகு தம்பியைப் பார்த்தாள்.

“ரெண்டும் வேணும்டா. அங்க போய் அந்த நாக்கைச் சம்பாதிச்சேன். இந்த நாக்கு அம்மா கொடுத்தது. எதை அறுத்துப் போடச் சொல்றே?”

தம்பி பெண்டாட்டி எழுந்து சமையலறைக்குப் போனாள். அவள் கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் அக்கா நினைத்தாள். திரும்பி வந்தபோது அவள் கையில் நல்ல பீங்கான் தட்டு இருந்தது, விருந்தாளிகள் வந்தால் மட்டும் பரணிலிருந்து இறங்குகிற தட்டு. மேசையின் ஓரத்தில் காகிதத்தோடு கிடந்த சீஸைப் பிரித்து, அதில் வைத்து, மீன் வறுவலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் தட்டை நகர்த்தவில்லை.

“இனிமே ஒளிஞ்சு சாப்பிட வேண்டாம் அண்ணி” என்றாள். “இங்கயே வச்சுச் சாப்பிடுங்க. ஜன்னலைத் திறந்து வச்சுக்கலாம்.”

தம்பி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான். அக்கா ஒரு வாய் மீன் சாப்பிட்டாள், ஒரு துண்டு சீஸ் சாப்பிட்டாள், மறுபடி மீனுக்கு வந்தாள். தட்டில் மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.